'வெக்கை'யின் முதல் பக்கம்
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"பத்து நிமிஷம் போதும்ப்பா" என்று செயலாளர் சொல்லிவிட்டார். பத்து நிமிஷத்தில் நாவலைப் பற்றிப் பேச முடியாது. ஒரு பக்கத்தைப் பற்றிப் பேசுகிறேன்.

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் ஆண்டிப்பட்டியில் 1947-ல் பிறந்தவர் பூமணி. கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்தவர். 'அஞ்ஞாடி' நாவலுக்காக 2014-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றார். அவருடைய 'வெக்கை' 1982-ல் வந்தது. 2019-ல் அது 'அசுரன்' படமானதும், "கதை தெரியும் சார்" என்கிறீர்கள். கதை தெரிஞ்சா போதுமா?

படத்தில் அப்பாதான் நாயகன். நாவல் திறப்பது பதினைந்து வயசு சிதம்பரத்தை வைத்து. அண்ணனைக் கொன்ற வடக்கூரானின் கையை மட்டும் வெட்டுவதுதான் அவன் திட்டம். நடந்தது வேறு. ஆள் செத்துப்போகிறான், பையன் ஓடுகிறான்.

அந்த 'கையை மட்டும்' என்பதைக் கவனியுங்கள். சின்னப் பையன், ஆனாலும் ஒரு அளவு வைத்திருக்கிறான். அண்ணன் சாவுக்கு நியாயம் கேட்டுப் போக ஓர் இடம் இருந்திருந்தால் அவன் கைக்கு அருவாள் வந்திருக்காது. பகைக்குக் காரணம் நிலம். கரிசக்காட்டு மானாவாரி நிலம் என்றால் நமக்குத் தெரியும்: மழை பெய்தால் பருத்தி, கம்பு, உளுந்து, பெய்யாவிட்டால் வெடிப்பு. அதையும் ஒருத்தன் வளைக்கப் பார்க்கிறான் என்றால் அப்புறம் ஒரு குடும்பத்துக்கு என்ன மிச்சம்? இத்தனைக்கும் பூமணி நாவலில் எங்கேயும் சாதிப் பெயர் சொல்லவில்லை. நம்ம பக்கத்து ஆட்களுக்குச் சொல்லவும் வேண்டாம்.

இன்னொன்று அவன் தனிமை. பழி வாங்கணும் என்ற நினைப்பு வீட்டில் எல்லாருக்கும் உண்டு. செய்து முடித்தவன் அவன் ஒருத்தன். பிறகு அப்பாவோடு காடு, மலை என்று ஒளிகிறான். அப்பா பக்கத்திலேயே இருக்கிறார், பேசுகிறார். ஆனாலும் அந்த ஒரு வீச்சு அவனுடையது. அதை யாரிடமும் இறக்கி வைக்க முடியாது. இடைசெவல் கி.ரா.வின் 'கோபல்ல கிராம'த்தில் (1976) ஒரு ஊரே கூடிப் பேசும். இங்கே பேச ஆள் இல்லை.

இதை எனக்குப் புரியவைத்தது வகுப்பு இல்லை. விடுதியில் என் அறையில் ஒருத்தன் இருந்தான். பொங்கலுக்கும் ஊருக்குப் போகமாட்டான். அவன் அப்பா சிறையில் இருக்கிறார், வரப்புத் தகராறு என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை. மரியாதை என்று நினைத்தோம், உண்மையில் பயம். நான்தான் பெரிய இலக்கியக்காரன் மாதிரி 'வெக்கை'யை அவனிடம் கொடுத்தேன். மறுநாள் திருப்பித் தந்தான். "முதல் பக்கத்தோட நிறுத்திட்டேன்டா" என்றான். "ஏன்டா?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மூன்றாம் வருஷம் அவன் வரவில்லை.

அவன் ஓரம் மடித்த அந்தப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறது. கல்லூரி நூலகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்றுதான் இன்று பையில் கொண்டுவந்தேன். இப்போது மனசு வரலை. நூலகர் மன்னிக்கணும், வேறு பிரதி வாங்கி அனுப்பி வைக்கிறேன்.