விஞ்ஞான வகுப்பும் வீட்டுப் பாடமும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நான் ஆசிரியனல்லன், விஞ்ஞானியுமல்லன். மெட்ரிகுலேஷன் தேறி, ரயில்வே சரக்கு அலுவலகத்தில் பேரேடு எழுதிப் பிழைப்பவன். எனினும், நடுநிலைப் பள்ளியிற் படிக்கும் குழந்தைகளின் விஞ்ஞானப் பாடத்தைப் பற்றி நான் பேசத் துணிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. இக்காலனியிலுள்ள பெற்றோரிற் பெரும்பாலோர் என்னைப் போன்றவரே. "எங்களுக்கு இங்கிலீஷும் வராது, ஹிந்தியும் அரைகுறை, குழந்தைக்கு நாங்கள் என்ன சொல்லிக் கொடுப்பது?" என்று தாய்மார்கள் வருந்துவதை அடிக்கடி கேட்கிறேன். அவ்வருத்தம் வேண்டுவதில்லை என்பதை எடுத்துரைப்பதே என் நோக்கம்.

மாலை ஏழு மணிக்கு நம் காலனியில் எந்த வீட்டின் முன் நின்றாலும் ஒரே காட்சியைக் காணலாம். ஆறாம் வகுப்போ எட்டாம் வகுப்போ படிக்கும் குழந்தை விஞ்ஞான நூலைத் திறந்து வைத்திருக்கும். பாடத்தின் இறுதியிலுள்ள வினாக்களுக்கு விடை எழுதி வருமாறு ஆசிரியர் பணித்திருப்பார். குழந்தை 'கைடு' புத்தகத்தைப் புரட்டும், கைப்பேசியைத் தட்டும், கிடைத்த விடையை எழுத்துப் பிசகாமல் பெயர்த்தெழுதும். 'பிராஜக்ட்' என்றால் தந்தையார் கடைத்தெருவிற்குச் சென்று தெர்மோகோல் வாங்கி வருவார். தாயார் வெட்டி ஒட்டுவார். குழந்தை அதற்குள் உறங்கிவிடும். மறுநாள் அதற்கு முழு மதிப்பெண்ணும் கிடைக்கும். ஆயினும் அவ்வீட்டில் அன்று எவரேனும் ஒரு பொருளை உற்று நோக்கினரா என்று கேட்டால், இல்லை என்பதே விடை.

ரயில்வே ஊழியர்களாகிய நாம் ஒன்றை நன்கு அறிவோம். கால அட்டவணை என்பது ஒன்று. வண்டிப் பதிவேடு என்பது மற்றொன்று. வண்டி எப்போது வரவேண்டும் என்பதை அட்டவணை கூறும். எப்போது வந்தது என்பதைப் பதிவேடு கூறும். வண்டி நாற்பது நிமிஷம் தாமதமாக வந்திருக்க, அட்டவணையைப் பார்த்துச் 'சரியான நேரம்' என்று பதிவேட்டில் எழுதுபவனை நாம் என்ன சொல்வோம்? பாடநூல் கால அட்டவணை போன்றது. குழந்தையின் விஞ்ஞான நோட்டுப் புத்தகமோ பதிவேடாக இருக்க வேண்டியது. நாமோ நாள்தோறும் அட்டவணையைப் பார்த்தே பதிவேட்டை நிரப்புமாறு குழந்தையைப் பழக்குகிறோம்.

இதற்கு மாறானதொரு வகுப்பு வேறெங்குமன்று, நாம் வாழும் இவ்விடார்சியைச் சூழ்ந்த மாவட்டத்திலேயே முப்பது ஆண்டுகள் நடைபெற்றது என்பதை இங்குள்ள இளைஞர் பலர் அறியார். 2022 முதல் நர்மதாபுரம் என வழங்கும் இம்மாவட்டம் அன்று ஹோஷங்காபாத் எனப்பட்டது. 1972-ஆம் ஆண்டில் ரசூலியாவிலிருந்த நண்பர்கள் கிராம மையமும், பன்கேடிப் பகுதியிலிருந்த கிஷோர் பாரதி என்னும் அமைப்பும் சேர்ந்து, மாநில அரசின் இசைவோடு, பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஒரு புதிய விஞ்ஞான வகுப்பைத் தொடங்கின. பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தாரும் தில்லிப் பல்கலைக்கழக ஆசிரியர்களும் இவ்வூர்ப் பக்கம் வந்து கிராமத்து உபாத்தியாயர்களோடு தரையில் அமர்ந்து பணியாற்றினர். 1978-இல் அது மாவட்டத்தின் நடுநிலைப் பள்ளிகள் அனைத்திற்கும் பரவியது. 1982-இல் ஏகலவ்யா என்னும் நிறுவனம் தோன்றி அப்பணியை ஏற்றது.

1990-களின் தொடக்கத்தில் அவ்வகுப்பில் அமர்ந்து பயின்றவன் நான். 'பால வைஞானிக்' என்பது எங்கள் நூலின் பெயர். அதில் விடைகள் இரா; வினாக்களே இருக்கும். நால்வர் நால்வராகக் குழு அமைத்து அமர்வோம். கருவிப் பெட்டி நடுவே இருக்கும். அதில் இல்லாதவற்றை ஊரே கொடுத்தது. பூவைப் பிரித்துப் பார்க்க ஊசி வேண்டுமெனில், கருவேல முள்ளைப் பறித்து வருவோம்.

ஒரு நாளைய பாடத்தை மட்டும் சொல்கிறேன். வெளியே சென்று செடிகளைப் பிடுங்கி வரவேண்டும். ஒவ்வொன்றின் இலையையும் வேரையும் பார்த்து அட்டவணையில் எழுதவேண்டும். புல், கோதுமை, மக்காச்சோளம் ஆகியவற்றின் இலை நரம்புகள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடின. வேரோ கொத்துக் கொத்தாக இருந்தது. துளசி, மிளகாய், கடலை ஆகியவற்றின் இலை நரம்புகள் வலை போலப் பின்னிக் கிடந்தன. வேரோ நடுவில் ஒரே ஆணியாக இறங்கியது. அட்டவணை நிரம்பிய பின்னர், "இதில் ஏதேனும் ஒழுங்கு தெரிகிறதா?" என்று கேட்டார் ஆசிரியர். இலையைப் பார்த்தே மண்ணுக்குள் மறைந்திருக்கும் வேரைச் சொல்லிவிடலாம் என்பதை எவரும் எங்களுக்குச் சொல்லவில்லை, நாங்களே கண்டுகொண்டோம். அன்றைய வீட்டுப் பாடம், வீட்டைச் சுற்றியுள்ள ஐந்து செடிகளின் இலையைப் பார்த்து வேரை ஊகித்தெழுதி, பின்னர் பிடுங்கிச் சரிபார்ப்பது.

அவ்வகுப்பில் தேர்வும் வேறு விதம். நூலைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். செய்முறைத் தேர்வும் உண்டு. விடை நூலில் இல்லையாதலால் திறந்து வைப்பதில் தீங்கில்லை! மாணவர்கள் தம் ஐயங்களைச் சவாலிராம் என்னும் கற்பனைப் பெரியவருக்குக் கடிதமாக எழுதுவர், மறுமொழி வரும். 'சவால்' என்றால் நமக்கு அறைகூவல். இவ்வூராருக்கோ வெறும் கேள்வி. நல்ல கேள்வி அறைகூவலுமாகும் என்று அன்று எண்ணி மகிழ்ந்தேன்.

2002-ஆம் ஆண்டில் அரசின் ஆணையால் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. மாநிலத்தின் ஏனைய மாவட்டங்களிலிருந்த பாடநூலே இங்கும் வந்தது. போனதை எண்ணிப் புலம்புவதற்காக இதனைச் சொல்லவில்லை. பள்ளியில் இல்லாமற் போனதை வீட்டில் ஒரு சிறிதேனும் நாம் வைத்துக்கொள்ளலாம் என்பதற்காகவே சொல்கிறேன். அதற்குக் கருவிப் பெட்டியும் வேண்டுவதில்லை. நம் அடுக்களையே போதும்.

அமிலமும் காரமும் ஒரு பாடம். நூலில் லிட்மஸ் தாளைப் பற்றி எழுதியிருக்கும். நம் பாட்டிமார் ஆரத்தி கரைக்கிறார்களே, அதில் மஞ்சளோடு சுண்ணாம்பைச் சேர்த்தவுடன் நீர் ஏன் சிவக்கிறது? சுண்ணாம்பு காரம், மஞ்சள் அதைக் காட்டிக்கொடுக்கிறது. அந்நீரில் எலுமிச்சைச் சாற்றைச் சிறிது சிறிதாக விடச் சொல்லுங்கள். சிவப்பு மறைந்து மஞ்சள் திரும்பும். அமிலம் காரத்தைத் தணித்துவிட்டது. சோப்பு நீர், புளிக்கரைசல், சமையற்சோடா ஆகியவற்றையும் மஞ்சள் தடவிய காகிதத்தில் குழந்தை தானே சோதிக்கட்டும். காரங்கள் அதைச் சிவக்கச் செய்யும். புளி மஞ்சளை மாற்றாது. அது ஏன் என்று குழந்தை கேட்டால், அன்றைய பாடம் வெற்றி.

நுண்ணுயிர்கள் மற்றொரு பாடம். மார்கழி, தை மாதங்களில் இவ்வூர்க் குளிரில் இட்லி மாவு பொங்காமல் நாம் படும் பாட்டை யாரிடம் சொல்வது! அதையே வீட்டுப் பாடமாக்கலாம். ஒரே மாவை மூன்று கண்ணாடித் தம்ளர்களில் அரையளவு ஊற்றி, மட்டத்திற் காகிதம் ஒட்டிக் குறியிடுக. ஒன்றை அடுக்களையிலும், ஒன்றைக் கம்பளியிற் சுற்றியும், ஒன்றைக் குளிர்சாதனப் பெட்டியிலும் வைத்து, இரவு படுக்குமுன்னும் காலையிலும் மட்டத்தை அளந்தெழுதச் செய்க. மாவிலுள்ள நுண்ணுயிர்கள் வெளியிடும் வாயுவே மாவை உயர்த்துகிறது என்பதும், வெதுவெதுப்பில் அவை விரைந்து பெருகும் என்பதும் குழந்தையின் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

நீர் 100 டிகிரியிற் கொதிக்கும் என்கிறது நூல். நம் நிலையத்தின் பெயர்ப் பலகையைப் பாருங்கள். கடல்மட்டத்திலிருந்து இவ்வூரின் உயரம் முந்நூறு மீட்டருக்கு மேல். உயரம் ஏறினால் காற்றின் அழுத்தம் குறையும். கொதிநிலையும் முந்நூறு மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு டிகிரி வீதம் இறங்கும். எனவே இங்கு நல்ல வெப்பமானியில் 99 என்று பார்த்த குழந்தை 99 என்றே எழுதவேண்டும். அதை அடித்து 100 ஆக்குமாறு நாம் சொன்னால், கண்ணால் கண்டதை விட அச்சில் உள்ளதே மெய் என்று கற்பித்தவர்களாவோம். (வெந்நீர்ச் சோதனையைப் பெரியவர் உடனிருந்தே செய்யவேண்டும்.)

வேகம் என்னும் பாடத்திற்கு ஊருக்குச் செல்லும் ரயிற் பயணமே வகுப்பு. ஜன்னலருகே அமர்ந்து, ஒரு கிலோமீட்டர்க் கல்லிலிருந்து அடுத்ததற்கு எத்தனை விநாடி என்று பார்த்து, 3600-ஐ அதனால் வகுக்கச் சொல்லுங்கள். 45 விநாடியானால் மணிக்கு 80 கிலோமீட்டர். 36 ஆனால் 100. இதனை வண்டிக்குள் இருந்தே செய்யவேண்டும். தண்டவாளத்தருகே எக்காரணத்தாலும் குழந்தைகளை விடலாகாது.

"இதெல்லாம் செய்தால் மதிப்பெண் வருமா?" என்று தந்தைமார் கேட்பது காதில் விழுகிறது. நியாயமான கேள்வியே. பள்ளி கேட்கும் விடையைப் பள்ளி நோட்டில் எழுதட்டும். அதை நான் தடுக்கவில்லை. அதனுடன் 'நான் கண்டது' என்று தனியாக ஒரு நோட்டு வைத்து, வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிஷம் ஒதுக்கினாற் போதும். 2020-ஆம் ஆண்டின் பள்ளிப் பைக் கொள்கையும் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேல் வீட்டுப் பாடம் கூடாது என்றே கூறுகிறது. 2024-இல் ஆறாம் வகுப்பிற்கு வெளிவந்த தேசியப் பாடநூலின் ஹிந்திப் பெயரே 'ஜிஜ்ஞாசா', அதாவது அறியும் ஆவல். நூல்களும் இப்பக்கம் திரும்பியிருக்கின்றன, வீடுகளும் திரும்பவேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு சொல். குழந்தை பள்ளியில் இங்கிலீஷிலோ ஹிந்தியிலோ படிக்கிறது. மாலையில் நீங்கள், "இன்று என்ன பார்த்தாய்? எப்படித் தெரியும்? பாட்டிக்குச் சொல்லு" என்று தமிழிற் கேளுங்கள். மனப்பாடம் செய்த வாக்கியத்தைத் தமிழில் ஒப்பிக்க முடியாது. புரிந்திருந்தால்தான் சொல்ல முடியும். ஆகலின் உங்கள் கேள்வி எந்தப் பரீட்சைக்கும் குறைந்ததன்று. அதனோடு, வீட்டில் தமிழ் தேய்கிறதே என்னும் நம் கவலைக்கும் அது மருந்தாகும். பிராஜக்டை மட்டும் தயவுசெய்து நீங்கள் செய்து கொடுக்காதீர்கள். கோணலாக இருப்பினும் குழந்தையின் கை செய்ததாக இருக்கட்டும்.

இறுதியாகச் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு நடக்கும் இக்கூடத்தில், அவ்வகுப்பு முடிந்ததும் ஒரு மணி நேரம், நடுநிலைப் பள்ளிக் குழந்தைகள் நால்வர் நால்வராக அமர்ந்து தாம் கண்டதைத் தமிழிற் சொல்லவும் செய்து காட்டவும் இடம் கொடுங்கள். செலவு மஞ்சளும் சுண்ணாம்பும் சில தம்ளர்களுமே. லோகோ ஷெட்டில் பணியாற்றும் அன்பர்களும், ஓய்வு பெற்ற பெரியோர்களும் முறை வைத்து வந்து அமரலாம். எல்லா வினாக்களுக்கும் விடை தெரிந்திருக்க வேண்டுவதில்லை. "வா, பார்ப்போம்" என்று சொல்லத் தெரிந்தாற் போதும். முதற் கூட்டத்திற்கு என் வீட்டு மாவையும் மூன்று தம்ளர்களையும் நானே கொண்டு வருகிறேன்.

 வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!