மாளிகைமேட்டுச் சில்லுகள்

விருத்தாசலத்திலிருந்து ஜெயங்கொண்டம் வழியாகத் தெற்கே போனால் கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராசேந்திர சோழன் சுமார் 1025-இல் அமைத்த தலைநகரம் இது. சோழர் ஆட்சி முடியும்வரை, ஏறத்தாழ 250 ஆண்டுகள், அரசு இங்கிருந்தே நடந்தது. இன்று நிமிர்ந்து நிற்பது பெருவுடையார் கோயில் மட்டும்தான். அரண்மனை இருந்த இடமோ கோயிலுக்குத் தென்மேற்கே மாளிகைமேடு என்ற பெயரில் மண்மூடிக் கிடந்தது.

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980-81-இல் அங்கே அகழாய்வைத் தொடங்கியது. இடையிடையே நடந்த பணி 2021-இல் மீண்டும் தொடர்ந்தது. செங்கல் சுவர்கள், மரத்தூண்களைத் தாங்கிய கருங்கல் அடிப்பீடங்கள், தந்தப் பொருட்கள், வளையல் துண்டுகள் எல்லாம் வெளிப்பட்டன. ஓடுகளும் இரும்பு ஆணிகளும் ஏராளமாகக் கிடைத்ததால், அரண்மனையின் கூரை மரச்சட்டத்தின் மேல் ஓடு வேய்ந்தது என்பது தெளிவாயிற்று.

அவற்றோடு சீனப் பீங்கான் சில்லுகளும் கிடைத்தன. பீங்கான் தொழிலில் கைதேர்ந்த விருத்தாசலத்துக்காரர் சில்லின் உடைந்த விளிம்பைத்தான் முதலில் பார்ப்பார். நாட்டுப் பானை ஓடு சிவந்து, நுண்துளைகளோடு இருக்கும். தண்ணீர் பட்டால் உறிஞ்சும். சீனச் சில்லோ வெளிறி, இறுகியிருக்கும். மேலே கண்ணாடிபோல் இளம்பச்சை மெருகு. மெருகிலுள்ள சிறிதளவு இரும்பு, காற்றைக் குறைத்த சூளையில் 1,200 டிகிரி அளவு வெப்பத்தில் வேகும்போது அந்தப் பச்சை பிறக்கிறது. இது கடல் கடந்து வந்த சரக்கு. 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சோழர் தூதுக்குழுக்கள் சீன அரசவைக்குச் சென்றதைச் சீனப் பதிவுகள் கூறுகின்றன. அந்த உறவுக்கு இந்த மண்ணிலேயே கிடைத்த சாட்சி இச்சில்லுகள்.

நகரம் அழிந்ததில் காலத்தைவிட மனிதர் கைக்கே பங்கு அதிகம். 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கோயில் மதிலின் கற்களைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். தடுக்க முயன்ற ஊர்மக்கள் தண்டிக்கப்பட்டார்கள். பதிலுக்குச் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொன்ன வாக்கும் காற்றில் போயிற்று. அரண்மனைச் செங்கற்களும் தோண்டி எடுக்கப்பட்டு வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. பெரு நாட்டில் இன்கா மன்னர்களின் சக்சய்வாமன் கோட்டைக்கும் இதே கதிதான். ஸ்பானியர் அதன் கற்களைக் கொண்டுபோய்க் குஸ்கோ நகரில் தேவாலயங்களும் வீடுகளும் எழுப்பினார்கள்.

கோயில் இப்போது மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2004-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் சேர்ந்தது. மத்தியப் பாதுகாப்புச் சின்னங்களைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது என்பது சட்டம். ஆனால் பழைய நகரம் அந்த எல்லைக்கு வெளியே, வயல்களுக்கும் வீடுகளுக்கும் அடியிலும் பரந்து கிடக்கிறது. உண்மையான கவலை அங்கேதான். திறந்துவிட்ட செங்கல் சுவரை மழையும் வேரும் அரிக்கும் என்பதால், பதிவு செய்த குழிகளை மீண்டும் மண்ணிட்டு மூடுவதும் பாதுகாப்பு முறையே.

விருத்தாசலம் அடங்கிய கடலூர் மாவட்டத்திலும், மருங்கூரில் 2024-இல் அகழாய்வு தொடங்கியது. இப்பகுதியில் கிணறு வெட்டும்போதோ உழும்போதோ பானையோடோ காசோ தென்பட்டால், எடுத்துக் கழுவாமல் கிடந்த நிலையிலேயே விடுவது நல்லது. எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பதை வைத்தே அதன் காலம் கணிக்கப்படுகிறது. மண்ணில் புதைந்து கிடைத்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதானால், 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும்.