கன்றின் பங்கும் பிள்ளையின் பங்கும்

கன்றைக் கொன்ற மகனைத் தேர்க்காலிலிட்ட சோழ மன்னனின் கதையைக் கேளாத தமிழர் அரியர். பெரியபுராணம் அதனைத் திருவாரூரில் நிகழ்ந்ததாகப் பாட, மகாவம்சமோ அநுராதபுரத்தில் 44 ஆண்டுகள் அரசு புரிந்த எல்லாளன்மேல் ஏற்றிக் கூறுகின்றது. நீதிக்கு அக்கதை ஒப்பற்றது. பிள்ளை வளர்ப்புக்கோ போதாது. கன்றின்மீது தேர் ஏறிய பின்னர்த் தந்தை கண்டிப்புக் காட்டி யாது பயன்? மகன் முன்னரே கற்கவேண்டியதை எங்கே கற்பான்?

இறம்பொடைப் பக்கத்துத் தோட்ட லயங்களிலே பசு வளர்க்கும் வீடுகளை நோக்குவோம். கொழுந்தெடுக்கச் செல்லுமுன் தாய் பால் கறக்கிறாள். கன்றைப் பிடித்துக்கொள்வது சிறுவனின் பொறுப்பு. கன்று திமிறுகின்றது, அவன் கயிற்றைச் சுண்டியிழுக்கிறான். "மெல்லப் பிடி ராசா, அதுவும் பிள்ளைதானே" என்கிறாள் தாய். ஒரு காம்பைக் கறவாமல் கன்றுக்கென விட்டுவைக்கிறாள். பசு ஈன்ற அன்றும் சீம்பால் முதலிற் கன்றுக்கே. பிறந்த சில மணி நேரத்துள் அது வயிற்றிற் சேர்ந்தாலன்றிக் கன்றுக்குப் போதிய நோய் தாங்கும் வலிமை வாய்க்காது என்பர் விஞ்ஞானிகள். பனிக்காற்று வீசும் இரவிலே மாட்டுப்பட்டிக்குச் சென்று கன்றின்மேல் சாக்குப் போர்த்துவது தந்தையின் வேலை. பிரம்பு கற்பிக்காததைச் சிறுவன் இவற்றைப் பார்த்தே கற்கிறான்.

ஆயின், புல்லறுப்பதற்கெனப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாது நிறுத்தும் பெற்றோரும் உளர். பால் விற்ற காசு வீட்டுக்கு வேண்டியதே, மறுப்பாரில்லை. கன்றின் பங்கை மறவாத கைகள் பிள்ளையின் பங்கை எடுத்துக்கொள்ளலாமா? வேலை முடிந்து திரும்பும் தந்தை ஒரு கட்டுப் புல் அறுத்து வரலாம். பள்ளி விட்டு வந்த பிள்ளை மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக் கட்டினாற் போதும்.