சுருத பஞ்சமியும் சேர்க்கைக் காலமும்

(விழா நாளன்று ஆத்தூரில் நிகழ்ந்த சொற்பொழிவின் உரை வடிவம்)



சமண மரபில் விளக்கேற்றும் விழாக்கள் உண்டு. நோன்பு நோற்கும் விழாக்கள் உண்டு. ஏட்டுக்கே எடுக்கப்படும் விழா ஒன்றும் உண்டு. அதுவே சுருத பஞ்சமி. ஜேஷ்ட மாதத்து வளர்பிறை ஐந்தாம் நாளில் ஆகம நூல்களைத் தூசி தட்டி, புதுத் துணியில் பொதிந்து, பீடத்தில் ஏற்றி வழிபடுவர். இத்திருநாள் பெரும்பாலும் மே மாத இறுதியிலோ ஜூன் மாதத்திலோ வரும். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி முடிவு வெளிவந்து, பிள்ளைகள் கல்லூரிப் படிவங்களைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்பதும் அதே நாட்களில்தான். நூலுக்குப் பூசை செய்யும் வாரத்தில், நூலைத் தேடிப் புறப்படும் பிள்ளைக்கு வழிகாட்டுவதும் அப்பூசையின் பகுதியே என்பதுதான் இவ்வுரையின் பொருள்.

சுருத பஞ்சமியின் வரலாற்றைத் திகம்பர மரபு இவ்வாறு கூறுகிறது. கிர்நார் மலையின் சந்திர குகையில் தரசேனாசாரியர் என்னும் முதிய துறவி வாழ்ந்தார். தம்மோடு சுருத ஞானம் மறைந்துவிடுமோ என்று அஞ்சிய அவர், தென்னாட்டுத் துறவியர் சங்கத்துக்குச் செய்தி அனுப்பினார். இரு இளந்துறவியர் வந்து சேர்ந்தனர். வந்தவர்களை அவர் உடனே சேர்த்துக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு மந்திரத்தைக் கொடுத்தார். ஒன்றில் ஓரெழுத்து மிகுந்திருந்தது. மற்றொன்றில் ஓரெழுத்துக் குறைந்திருந்தது. ஓதியபோது தோன்றிய தேவதைகளுள் ஒன்றுக்குப் பல் துருத்தியிருந்தது. மற்றொன்றுக்கு ஒரு கண் இல்லை. குறை தேவதையிடம் இல்லை, எழுத்தில் இருக்கிறது என்று உணர்ந்த இருவரும், மந்திரங்களைத் தாமே திருத்தி மீண்டும் ஓதினர். தேவதைகள் செவ்வுருவில் தோன்றின. அதன் பிறகே ஆசாரியர் நன்னாள் பார்த்துப் பாடம் தொடங்கினார். அவ்விருவரே புஷ்பதந்தரும் பூதபலியும். அவர்கள் எழுதிவைத்த ஷட்கண்டாகமம் நிறைவுற்ற நாளே சுருத பஞ்சமி. பாடம் முடிந்து திரும்பியபின் புஷ்பதந்தர் வனவாசி நாட்டுக்கும், பூதபலி திரமிள தேசமாகிய தமிழ்நாட்டுக்கும் சென்றனர் என்பதும் அம்மரபின் செய்தி.

இக்கதையில் இன்றைய மாணவருக்கு உரிய பாடம் ஒன்று உண்டு. கொடுக்கப்பட்டதை அப்படியே ஓதாமல், ஓரெழுத்து மிகையா குறையா என்று பார்க்கும் கண்ணே கல்விக்கு முதல் தகுதி. இக்காலச் சேர்க்கையில் அது உவமை அன்று, நேர்ப்பொருளே ஆகும். மதிப்பெண் பட்டியலில் ஒரு தலைப்பெழுத்து, ஆதார் அட்டையில் இரண்டு தலைப்பெழுத்து, வங்கிக் கணக்கில் தந்தை பெயர் முழுமையாக என்று மூன்று வடிவில் ஒரே பெயர் இருந்தால், படிவத்தை ஏற்கும் கணினி அவற்றை மூன்று ஆட்களாகவே கொள்ளும். உதவித்தொகை நின்றுபோகும். படிப்பில் சிறந்த பிள்ளை, எழுத்து ஒன்றினால் பணம் இன்றித் தவிக்கும். ஆகவே சேர்க்கைக்கு முன், பள்ளிச் சான்று, ஆதார், வங்கிப் புத்தகம் மூன்றையும் ஒரே மேசையில் பரப்பி, பெயரையும் பிறந்த தேதியையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்ப்பது பெற்றோரின் முதற்கடன். வேறுபாடு இருந்தால் மே மாதத்திலேயே திருத்த விண்ணப்பிக்க வேண்டும். ஜூலையில் திருத்தப் புகுந்தால் வகுப்பும் வரிசையும் ஒருசேர வந்து நெருக்கும்.

இனி, எந்தக் கல்லூரி என்னும் வினா. மூன்றாண்டுப் பட்டப்படிப்பு எல்லோருக்கும் இயலுவதன்று. குடும்பச் சுமையால் விரைவில் தொழிலுக்குச் செல்ல வேண்டிய இளைஞர், பள்ளியோடு படிப்பை நிறுத்திய பெண், நாற்பது வயதில் மீண்டும் கற்க விழையும் தாய் ஆகியோருக்காக எழுந்த எண்ணமே சமுதாயக் கல்லூரி. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்னும் ஊரில் 1901-இல் தொடங்கிய இளநிலைக் கல்லூரி இவ்வகைக்கு முன்னோடி. இந்தியாவில் 1995-இல் புதுவைப் பல்கலைக்கழகம் சமுதாயக் கல்லூரியைத் தொடங்கியது. அதன்பின் சென்னையிலும் தமிழகத்தின் பிற ஊர்களிலும் இவ்வெண்ணம் வேரூன்றியது. பல்கலைக்கழக மானியக் குழு 2013-இல் இதற்கெனத் தனித் திட்டம் வகுத்து, நடைமுறையிலிருந்த கல்லூரிகளிலேயே சான்றிதழ், பட்டயப் படிப்புகளை நடத்த வழிசெய்தது.

அமெரிக்க முறைக்கும் இங்குள்ள முறைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே புதிய மாணவர் ஒவ்வொரு பாடத்தையும் தனித்தனியே பதிவு செய்து, தம் வார அட்டவணையைத் தாமே அமைத்துக்கொள்வார். ஒரு பருவத்தில் 12 மதிப்பலகு எடுத்தால் முழுநேர மாணவர் எனப்படுவார். இங்கே பெரும்பாலும் அட்டவணையைக் கல்லூரியே அமைத்துத் தரும். மாணவர் கையில் இருப்பவை சில தெரிவுகளே: படிப்பு எது, முற்பகல் சுழற்சியா பிற்பகல் சுழற்சியா, விருப்பப் பாடம் எது, தொழிற்பயிற்சி எங்கே என்பன. தெரிவுகள் சிலவாக இருப்பதனாலேயே அவற்றைச் சிந்தித்துச் செய்தல் வேண்டும். ஒருமுறை கையொப்பமிட்டபின் மாற்றுதல் அரிது.

மதிப்பலகு என்னும் சொல் பலரை மருட்டுகிறது. அது நெல்லளக்கும் மரக்கால் போல ஓர் அளவை மட்டுமே. மானியக் குழுவின் வரையறைப்படி ஒரு மதிப்பலகு என்பது அறுபது நிமிடம் கொண்ட 15 வகுப்புகள். ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பு 30 மதிப்பலகு. அதாவது 450 மணி நேரம். ஓராண்டுப் பட்டயப் படிப்பு 60 மதிப்பலகு. 900 மணி நேரம். இதில் ஐந்தில் மூன்று பங்கு தொழில்திறனுக்கும், இரண்டு பங்கு மொழி முதலிய பொதுக் கல்விக்கும் உரியவை. தொழிலகத்தில் பெறும் களப்பயிற்சிக்கு மதிப்பு பாதியே. அங்கே 30 மணி நேரம் உழைத்தால்தான் ஒரு மதிப்பலகு சேரும். ஆறு மாதத்தில் வகுப்பு நடக்கும் வாரங்கள் 18 என்று கொண்டால், வாரத்துக்கு 25 மணி, நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் வகுப்புக்கு மட்டும் வேண்டும். களப்பயிற்சி சேர்ந்தால் இன்னும் மிகும். இக்கணக்கைப் பார்க்காமல், பகலில் முழுநேர வேலைக்கும் போய்ப் படித்துவிடலாம் என்று சேர்ந்தவர் இடையிலே நின்றுவிடுவர்.

ஆத்தூர்ப் பிள்ளையின் நாளை நினைத்துப் பார்க்கலாம். தாமிரபரணிப் பாசனத்தில் கொடிக்கால் செழிக்கும் ஊர் இது. ஆத்தூர் வெற்றிலை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. கொடிக்கால் வேலைக்குச் செல்லும் ஒருவருடைய மகள் தூத்துக்குடியிலோ திருச்செந்தூரிலோ உள்ள கல்லூரியில் சேர்கிறாள் என்று கொள்ளலாம். விடியலில் வெற்றிலை கிள்ளும் வீட்டு வேலையில் அவளுக்கும் பங்குண்டு. முற்பகல் சுழற்சி என்றால் அவ்வேலையை விட வேண்டும். பிற்பகல் சுழற்சி என்றால் இருட்டிய பின்பே பேருந்திலிருந்து இறங்க வேண்டும். எது பொருந்தும் என்று வீட்டார் சேர்க்கைக்கு முன்பே அமர்ந்து பேச வேண்டும். பேசாத வீட்டில் மூன்றாம் மாதத்தில் அவள் படிப்பே நின்றுபோகும். “பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமில்லை” என்று அப்போது சொல்வது உண்மையன்று; அட்டவணை பொருந்தவில்லை என்பதே உண்மை. சமண இல்லத்துப் பிள்ளைக்கு மற்றொரு கணக்கும் உண்டு. இரவு உண்ணாமை காப்பவர், பொழுது சாயுமுன் உணவு முடிக்க இடம் தருமா அந்த அட்டவணை என்று பார்த்துக்கொள்வது நன்று.

கையொப்பமிடுமுன் கேட்க வேண்டிய வினாக்கள் நான்கு. முதலாவது, இப்படிப்புக்குச் சான்று அளிக்கும் பல்கலைக்கழகம் எது? இரண்டாவது, சேர்க்கைக் கட்டணம் போக, தேர்வு, சீருடை, கருவி என்று ஆண்டு முழுவதும் ஆகும் செலவு எவ்வளவு? மூன்றாவது, களப்பயிற்சி எந்தத் தொழிலகத்தில், எத்தனை நாள்? நான்காவது, இங்கே பெற்ற மதிப்பலகுகளோடு பின்னர்ப் பட்டப்படிப்பில் சேர வழியுண்டா? நான்காம் வினாவுக்கு இன்று ஒரு துணை உண்டு. 2021-இல் தொடங்கப்பட்ட கல்வி மதிப்பலகு வங்கியில் மாணவர் பெயரில் கணக்குத் திறந்தால், ஈட்டிய மதிப்பலகுகள் ஏழாண்டு வரை செல்லுபடியாகும். குடும்ப நெருக்கடியால் இடையில் நின்றவர் மீண்டும் வந்து சேர இது கதவைத் திறந்து வைக்கிறது.

உதவித்தொகையையும் சேர்க்கைக்கு முன்பே ஆராய வேண்டும். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்று உயர்கல்வி சேரும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது; மாணவருக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்ற பெண்களுக்கும் புதுமைப்பெண் திட்டம் விரிவாக்கப்பட்ட விழா 2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியிலேயே நடைபெற்றது. இவற்றுக்கான விண்ணப்பம் சேர்ந்த கல்லூரியின் வழியே செல்லும். எல்லாப் படிப்புக்கும் இவை உரியன அல்ல. தேர்ந்த படிப்பு இதற்குள் அடங்குமா என்று அலுவலகத்தில் கேட்டறிந்த பின்பே சேர வேண்டும். வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் முன்கூட்டியே விண்ணப்பித்தல் நலம்.

சேர்ந்தபின் நேரத்தை ஆள்வது எவ்வாறு? இதற்குச் சமண முனிவராகிய பவணந்தியாரே வழி சொல்லியிருக்கிறார். அவர் இயற்றிய நன்னூலின் பாயிரத்தில், ஆசிரியர் சொல்வதைச் செவ்வையாகக் கேட்டாலும் கல்வியில் காற்பங்கே கைவரும். உடன் பயில்வாரோடு பழகுவதால் இன்னொரு காற்பங்கு வரும். எஞ்சிய அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைப்பதால் வரும் என்னும் கருத்து உள்ளது. வகுப்பில் இருப்பது மட்டுமே படிப்பு என்று எண்ணும் புதிய மாணவர் இக்கணக்கை மனத்தில் கொள்ள வேண்டும். பேருந்தில் தோழியோடு பாடத்தைப் பேசுவதும், வீட்டில் தம்பிக்குச் சொல்லிக்கொடுப்பதும் வீண்பொழுது ஆகா. சாமாயிகத்தில் 48 நிமிடம் ஒரே இருப்பில் மனத்தை நிறுத்தப் பழகிய இல்லறத்தார், அதே அளவை பிள்ளையின் படிப்புக்கும் பழக்கலாம். நாளுக்கு இரு முறை, கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு 48 நிமிடம் அமர்ந்தால், பருவ இறுதியில் கலக்கம் இராது.

பெண்பிள்ளையைத் தொலைவுக்கு அனுப்பத் தயங்குவோர் இம்மாவட்டத்துக் கழுகுமலையை ஒருமுறை சென்று காண வேண்டும். அங்கே பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழ், எட்டு ஒன்பதாம் நூற்றாண்டு வட்டெழுத்தில், குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்களும் அவர்தம் மாணாக்கர் பெயர்களும் காணப்படுகின்றன. பெயர்களோடு பல ஊர்களின் பெயர்களும் உள்ளன; தம் ஊர் விட்டு அம்மலைக்கு வந்து கற்றவர்கள் அவர்கள். பேருந்து இல்லாத காலத்தில் பெண்கள் ஆசிரியராக இருந்த மாவட்டத்தில், பேருந்து உள்ள காலத்தில் பெண்கள் மாணவராகவும் செல்லக்கூடாது என்பது முறையாகுமா?

அன்பர்களே, தானம் நான்கு என்பது சமண அறம்: உணவு, மருந்து, அடைக்கலம், சாத்திரம். விழா நாளில் அன்னதானம் குறைவின்றி நடக்கிறது. சாத்திர தானம் மட்டும் பெரும்பாலும் பாடக் குறிப்பேடு வழங்கி நிழற்படம் எடுப்பதோடு நின்றுவிடுகிறது. குறிப்பேடு ஜூலையில் தேவைப்படுவது. அதற்கு முன் மே, ஜூன் மாதங்களில் தேவைப்படுவது ஆள்துணை. ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு கணினி, படிவம் நிரப்பத் தெரிந்த இளைஞர் ஒருவர், சான்றுகளை ஒப்பிட்டுப் பார்க்கப் பொறுமையுள்ள பெரியவர் ஒருவர் இருந்தால் போதும். சேர்க்கைக் காலத்தில் மாலைதோறும் இரண்டு மணி நேரம் அம்மேசை திறந்திருந்தால், சமயமும் சாதியும் கேளாமல் வரும் பிள்ளைகளுக்கெல்லாம் உதவினால், அதுவே உயர்ந்த சாத்திர தானம். சேர்ந்து ஒரு மாதம் ஆனபின், “வகுப்புக்குப் போகிறாயா, அட்டவணை ஒத்துவருகிறதா?” என்று ஒருமுறை கேட்பதும் அத்தானத்தின் முடிவுரை. நின்றுவிட எண்ணிய பிள்ளையை அவ்வொரு வினா நிறுத்திவைக்கக் கூடும்.

இக்கடற்கரையில் முன்னோர் மூச்சடக்கி முத்தெடுத்தனர். இன்று துறைமுகமும் உப்பளமும் தொழிலகங்களும் சான்றிதழைக் கேட்கின்றன. முத்துக்குளிக்க இறங்குபவனின் இடுப்புக் கயிற்றை மேலே தோணியில் ஒருவன் பிடித்திருப்பான். கல்வியில் இறங்கும் முதல் தலைமுறைப் பிள்ளைக்கு அக்கயிற்றைப் பிடிக்கும் கைகள் இவ்வூரில் பல உண்டு. அவை இந்தச் சேர்க்கைக் காலத்திலேயே நீளட்டும்.

அறம் வளர்க! கல்வி ஓங்குக!