மண்ணுக்குள்ளே போனாலும் மறையாத சாட்சி
(காக்களூர் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)

சேமிப்பு, கடன் கணக்கெல்லாம் முடிச்சாச்சு. "டிவியில டி.என்.ஏ. டெஸ்ட்னு சொல்றாங்களே, அது என்ன?" என்று சில குழுக்களில் கேட்டீர்கள். அதைப் பேசுவோம்.

ரத்தம், எச்சில், முடி வேர், எலும்பு எல்லாவற்றிலும் இருக்கிற அடையாளம் அது. பாதி அம்மாவிடமிருந்தும் பாதி அப்பாவிடமிருந்தும் வருது. ஒரே கருவில் பிறந்த இரட்டையரைத் தவிர, ஒருத்தரைப் போல இன்னொருத்தருக்கு இருக்காது. 1984ல் இங்கிலாந்தில் அலெக் ஜெஃப்ரீஸ் இதைக் கண்டுபிடித்தார்.

அங்கே லெஸ்டர் பக்கத்தில் 1983லும் 1986லும் பதினைந்து வயசுப் பிள்ளைகள் இரண்டு பேர் கொலையானார்கள். ஒரு பையன் ஒரு கொலையை ஒப்புக்கொண்டே விட்டான்! சோதனையோ அவன் இல்லை என்றது. பிறகு சுற்றுவட்டாரத்தில் சுமார் 5,000 ஆண்களிடம் சோதித்தார்கள். காலின் பிட்ச்ஃபோர்க் என்பவன் கூட வேலை செய்தவனைத் தன் பேரில் ரத்தம் கொடுக்க வைத்துத் தப்பினான். அந்த ஆள் ஒருநாள் உளற, கேட்ட ஒரு பெண் போலீசில் சொன்னார். 1988ல் பிட்ச்ஃபோர்க்குக்கு ஆயுள் தண்டனை.

நம்ம ஊர்க் கதைக்கு வருவோம். விராலிமலை பக்கம் பிரேமானந்தா ஆசிரமம். ஆதரவற்ற பெண் பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள். பெரிய பெரிய ஆளுங்க காலில் விழுந்த சாமியார். சின்னப் பிள்ளைகள் பேச்சை யார் நம்புவார்? ஆனாலும் 1994ல் வெளியே வந்து சொன்னார்கள். ரவி என்பவர் கொல்லப்பட்டு ஆசிரமத்திலேயே புதைக்கப்பட்டதும் அப்போதுதான் வெளியே வந்தது, உடலைத் தோண்டி எடுத்தார்கள். ஒரு பெண்ணின் கலைக்கப்பட்ட கருவை ஹைதராபாத் ஆய்வுக்கூடத்தில் சோதித்ததில், தகப்பன் பிரேமானந்தாதான் என்று முடிவு வந்தது. வெளிநாட்டு நிபுணரை வைத்து மறுத்துப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 1997ல் புதுக்கோட்டை நீதிபதி பானுமதி இரட்டை ஆயுள் தண்டனை கொடுத்தார். 2005ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. டி.என்.ஏ. நிரூபித்தது தகப்பன் யார் என்பதை மட்டும்தான். மற்றதெல்லாம் அந்தப் பிள்ளைகள் கோர்ட்டில் நின்று சொன்ன சாட்சியாலும் மற்ற ஆதாரங்களாலும்.

நம்ம தெருவில் ஒரு பெண்ணுக்குக் கொடுமை நடந்தால் நாம முதலில் செய்வது என்ன? "குளிம்மா, துணியை மாத்து" என்போம். பாசம்தான், ஆனா ஆதாரம் தண்ணீரோடு போயிடும். குளிப்பாட்டாமல், துணி துவைக்காமல் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்க. தனியார் ஆஸ்பத்திரி ஆனாலும் இலவசமாகப் பார்க்கணும், சட்டம் அப்படி. போலீஸ் புகார் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். உதவிக்கு 181. துணியைக் கழற்றிவிட்டிருந்தால் பிளாஸ்டிக் கவரில் கட்டாதீங்க, ஈரத்தில் பூஞ்சை பிடிக்கும். நிழலில் உலர்த்தி, ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகிதப் பையில் போட்டுக் கொடுங்க.