ஒப்பிட்டுப் பயின்றோம், ஊரை மறந்தோம்!

(புளியங்குளத்தில் நடைபெற்ற மாணவர் கூட்டமொன்றில் ஆற்றப்பெற்ற உரை)



பல்கலைக்கழகத்தில் ஒப்பீட்டு அரசியல் என்னும் பாடத்தைப் பயின்ற யாம், அங்குப் பெற்றது யாது, பெறத் தவறியது யாது என்பதை ஒளிவுமறைவின்றிக் கூறவே இம்மேடையில் நிற்கின்றோம்.

பிரித்தானியாவின் மந்திரிசபை, அமெரிக்காவின் ஜனாதிபதி முறை, சுவிற்சர்லாந்தின் சமஷ்டி என நாடு நாடாகக் குறிப்பெழுதினோம். நூல்களுட் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருந்தன. தமிழில் பயின்ற எமக்கு, முன்சென்ற மாணவர் கைமாற்றிய குறிப்புகளே துணையாயின. சுவிற்சர்லாந்தில் 26 மாநிலங்கள், 4 தேசிய மொழிகள், 7 பேர் கொண்ட ஆட்சிக்குழு என மனனஞ் செய்து எழுதினோம். நல்ல புள்ளிகளும் பெற்றோம்.

விடுமுறையில் ஊர் திரும்பியபோது, தம் மகனை அந்நாட்டுக்கு அகதியாக அனுப்பிவைத்த தாயொருவர் எம்மை நோக்கி, "பிள்ளையள், அங்கை நாலு பாசைக்காரரும் அடிபடாமல் இருக்கினமாம். அது அவையளுக்கு எப்பிடி வந்தது?" என்று வினவினார். யாம் 26 என்றோம், 4 என்றோம், 7 என்றோம். "நீங்கள் சொல்லுறது கணக்கு, நான் கேட்டது காரணம்" என்றார் அவ்வன்னை. தலைகுனிந்து நின்றோம்.

அவ்வினாவே எமக்கு மெய்யான பாடமாயிற்று. மீண்டும் நூல்களைப் புரட்டினோம். அங்கும் போர் நிகழ்ந்ததுண்டு! 1847 நவம்பரில், தனிக்கூட்டு அமைத்த ஏழு கத்தோலிக்க மாநிலங்களுக்கும் மத்திய படைக்குமிடையே உள்நாட்டு யுத்தம் மூண்டது. ஒரு மாதத்துக்குள் முடிந்த அப்போரில் மாண்டோர் ஏறக்குறைய நூறு பேர். வென்ற தளபதி டுஃபூர், காயமுற்ற பகைவரையும் பேணுமாறு தம் படைக்கு ஆணையிட்டிருந்தார். அடுத்த ஆண்டே, 1848 செப்டெம்பரில், சமஷ்டி யாப்பு எழுந்தது. வென்ற மாநிலமாயினும் தோற்ற மாநிலமாயினும், முழு மாநிலம் ஒவ்வொன்றுக்கும் மேற்சபையில் இரண்டு இடங்கள் கிடைத்தன. எனினும், கத்தோலிக்கப் பழமைவாதிகளுள் ஒருவர் மத்திய ஆட்சிக்குழுவில் அமர 1891 வரை காத்திருக்க நேர்ந்தது. அன்னை கேட்ட காரணம் இதுதான்: வென்றவர் தம் வெற்றிக்கு எல்லை வகுத்தனர், தோற்றவர் கிடைத்த இடத்தில் நின்று மேலும் கேட்டனர்.

இனி எம் மண்ணை நோக்குவோம். இப்புளியங்குளம் 1997இல் போர்க்களமாயிற்று. 2009 மே மாதத்தில் போர் முடிந்தது. ஆயினும், 1978ஆம் ஆண்டு யாப்பின் ஒற்றையாட்சி விதி அசைந்ததா? 1987இன் 13ஆம் திருத்தம் மாகாண சபைகளைத் தந்தது. தனித்த வட மாகாண சபைக்கு முதலாவது தேர்தல் நடந்ததோ 2013இல்! அதன் பதவிக்காலம் 2018இல் முடிந்தபின், மக்கள் தெரிந்தெடுத்த சபையின்றி ஆளுநரே நிருவாகம் நடத்தலானார். இவ்வேறுபாட்டை எடுத்துரைப்பதன்றோ ஒப்பீட்டு அரசியல்!

ஆனால், ஒப்பீடு என்பது பிறர் மாளிகையை அண்ணாந்து பார்த்து ஏங்குவதன்று. இலங்கைப் பெண்கள் 1931இலேயே வாக்குரிமை பெற்றனர். சுவிற்சர்லாந்துப் பெண்கள் மத்திய தேர்தல்களில் அவ்வுரிமை பெற்றது 1971இல்! மேலும், அங்கே பிரெஞ்சு மொழியினருள்ளும் ஜெர்மன் மொழியினருள்ளும் கத்தோலிக்கரும் உளர், புரட்டஸ்தாந்தரும் உளர். மதத்தால் எதிர்நின்றவன் மொழியால் தோழனாகிறான். இங்கு நிலைமை அவ்வாறன்று. விதைநெல்லை அயலூரிலிருந்து கொணரலாம். மண்ணையும் மழையையும் கொணர இயலுமோ? யாப்பும் அத்தகையதே. சமஷ்டி என்ற சொல்லை முழங்கினாற் போதாது. அதை இம்மண்ணில் எவ்வாறு வேரூன்றச் செய்வது என்பதையும் ஆராய்தல் வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களை யாம் வேண்டுவது இது: இப்பாடத்துக்குரிய நூல்களைத் தமிழில் ஆக்கித் தாருங்கள். அயல்நாட்டு மன்றத்தைப் பற்றி எழுதும் மாணவன், தன் ஊர்ப் பிரதேச சபையின் அதிகாரத்தையும் வருமானத்தையும் அதனருகே வைத்து எழுதட்டும்.

மாணவத் தோழர்களே! பரீட்சை மண்டபத்தில் வரும் வினாக்கள் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும். அவ்வன்னையின் வினா முடியவில்லை. அதற்கு விடை கூறவல்ல கல்வியோடு இவ்வூருக்குத் திரும்பி வாருங்கள்.