பாடப் புத்தகத்தில் நம் பாட்டன் எங்கே?

(நொச்சிக்குப்பத்தில் நடைபெற்ற தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சமுதாயச் சொந்தங்களே! கூட்டம் நடத்த இடமும் உட்கார நாற்காலியும் தந்திருக்கும் நொச்சிக்குப்பத்து மீனவப் பெருமக்களே!

அரசியல் பேச வந்தவன் கையில் பள்ளிக்கூடப் புத்தகத்தை வைத்திருக்கிறானே என்று பார்க்கிறீர்கள். இன்றைய அரசியலே அதற்குள்தான் இருக்கிறது.

ஒரு வியாபாரி என்னிடம் வந்து வருத்தப்பட்டார். ஏழாம் வகுப்பு படிக்கும் அவர் மகன் இரண்டு நாட்களாகப் பள்ளிக்குப் போக மறுக்கிறானாம். "நீங்கள்லாம் எங்கேயோ இருந்து குதிரையில வந்து கொள்ளையடிச்சவங்கதானே?" என்று கூடப் படிக்கிற பையன் கேட்டானாம். வகுப்பே சிரித்ததாம். அந்தப் பையன் மீது எனக்குக் கோபமில்லை. அவன் காதில் விழுந்த சரித்திரம் அவ்வளவுதான். நம் பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை, அவன் தகப்பனாருக்கும் தெரியவில்லை. அதுதான் என் வேதனை!

குதிரை என்றானல்லவா? குதிரையைப் பற்றியே பேசுவோம். 2018-ல் வந்த தமிழகப் பாடத்திட்டத்தின் ஆறாம் வகுப்பில் பூம்புகார், மதுரை, காஞ்சி பற்றிய பாடம் இருக்கிறது. அந்தப் பூம்புகாருக்குக் கடல் வழியே குதிரைகள் வந்ததைப் பட்டினப்பாலை சொல்கிறது. இஸ்லாம் அரபு மண்ணில் ஒலிப்பதற்குச் சில நூற்றாண்டுகள் முந்திய காலம் அது. இதோ, நம் பக்கத்து மயிலாப்பூரைக்கூட 2-ஆம் நூற்றாண்டிலேயே தாலமி 'மலியார்ஃபா' என்று குறித்திருப்பதாக அறிஞர்கள் கருதுகிறார்கள். பருவக்காற்றை நம்பிப் பாய்மரம் ஏறிய வணிகர்களுக்கு இந்தக் கரை புதிதல்ல.

அடுத்து ஏழாம் வகுப்பு. பிற்காலப் பாண்டியர் பாடத்தில் காயல் துறைமுகம் வருகிறது. ஹொர்முஸ், ஏடன் பக்கமிருந்து குதிரையேற்றிய கப்பல்கள் அங்கே வந்ததை மார்க்கோ போலோ 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதினார். ஆண்டுக்கு 10,000 குதிரைகள் காயலுக்கும் பிற துறைமுகங்களுக்கும் வந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறிக்கிறார். தகியுத்தீன் என்ற முஸ்லிமைப் பாண்டிய மன்னர் அமைச்சராகவே வைத்திருந்தார் என்கிறார். குதிரையேறி வெட்ட வந்தவரை மன்னர் அமைச்சராக்குவாரா? குதிரை விற்க வந்தவர்களய்யா அவர்கள்! கடன் கொடுத்து, கணக்கு எழுதி, பெண் கட்டி, இங்கேயே மையித்தாகி மண்ணோடு கலந்தவர்கள். நம்மில் பெரும்பாலோரோ இந்த மண்ணிலேயே பிறந்து தீனைத் தழுவிய தமிழர்களின் வாரிசுகள்.

கஜ்னி மஹ்மூது சோமநாதபுரத்துக்கு வந்தது 1026 வாக்கில். திருச்சி கோட்டை ரயில் நிலையத்தருகே இருக்கும் கல்லுப்பள்ளியின் கல்வெட்டு ஹிஜ்ரி 116, அதாவது கி.பி. 734. ஏறத்தாழ மூன்று நூற்றாண்டு வித்தியாசம்! இந்த இரண்டு தேதிகளை அந்தப் பிள்ளைக்கு யாராவது சொல்லிக் கொடுத்தோமா?

இப்போது டெல்லிக்கு வாருங்கள். என்.சி.இ.ஆர்.டி. 2025-ல் வெளியிட்ட புதிய ஏழாம் வகுப்புப் புத்தகத்தின் முதல் பாகத்தில் டெல்லி சுல்தான்களும் இல்லை, முகலாயர்களும் இல்லை. அதே ஆண்டு ஜூலையில் வந்த எட்டாம் வகுப்பில் அவர்கள் வருகிறார்கள். எப்படி? பாபர் கொடூரமானவர், அக்பர் ஆட்சி கொடூரமும் சகிப்புத்தன்மையும் கலந்தது என்ற அடைமொழிகளோடு! அன்று நடந்ததற்கு இன்று யாரையும் பொறுப்பாக்கக் கூடாது என்று ஒரு குறிப்பும் போட்டிருக்கிறார்கள். குறிப்பைப் பிள்ளைகள் படிப்பார்களா, 'கொடூரம்' என்ற சொல்லை மனப்பாடம் செய்வார்களா?

இளைஞர்களே, உங்களுக்கும் ஒன்று. இதற்குப் பதிலாக எல்லா சுல்தான்களுக்கும் வக்காலத்து வாங்கக் கிளம்பாதீர்கள். மன்னன் மன்னன்தான். ஔரங்கசீப் இடித்தது இடித்ததுதான். அவர் நமக்கு நபி அல்ல. நமக்கே பாதகமானாலும் நீதியின் பக்கம் நில் என்கிறது திருக்குர்ஆன் (4:135). அதே தராசில் சோழன் ராஜாதிராஜனையும் நிறுங்கள். சாளுக்கியரின் கல்யாணியை வென்று துவாரபாலகர் சிலையைத் தூக்கி வந்து, அதன் மேலேயே எழுதி வைத்தான். அதைப் பெருமை என்று சொல்லிக் கொடுத்துவிட்டு இன்னொன்றை மட்டும் மதவெறி என்றால், அதைத்தான் திரிப்பு என்கிறோம்.

என்ன செய்யலாம்? ஜெய்சல்மேர் அரச வம்சத்தார் செய்ததைப் பாருங்கள். எட்டாம் வகுப்புப் புத்தகத்தின் ஒரு வரைபடம் தங்கள் ஊரை மராட்டியப் பேரரசுக்குள் காட்டுகிறது என்று குறிப்பிட்டு ஆட்சேபித்தார்கள். பாடப் புத்தகங்கள் பற்றிய ஆட்சேபங்களை ஆராய 2025 ஆகஸ்டில் என்.சி.இ.ஆர்.டி. நிபுணர் குழுவே அமைத்தது. நாமோ பக்கம் எதுவென்று தெரியாமல் மைக்கில் கத்துகிறோம். பிள்ளை படிப்பது மாநிலப் பாடத்திட்டமா, சி.பி.எஸ்.இ.யா என்று கேட்டால் விழிக்கும் தகப்பன்மார் எத்தனை பேர்!

ஆறு, ஏழு, எட்டு. இரண்டு பாடத்திட்டத்துக்கும் சமூக அறிவியல் புத்தகங்கள் ஒவ்வொரு மஹல்லா நூலகத்திலும் இருக்க வேண்டும். மக்தப் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம், பட்டதாரி இளைஞர் ஒருவர் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசிக்க வேண்டும். தவறு கண்டால் பக்க எண், வரி எண், ஆதாரத்தோடு எழுதுங்கள். சரியாக எழுதியிருந்தால் அந்த ஆசிரியருக்கு நன்றி சொல்லுங்கள். புத்தகச் செலவை ஏற்கும் வியாபாரிகள் கூட்டம் முடிந்ததும் மேடையருகே வந்து பெயர் கொடுங்கள். எந்த மஹல்லாவுக்கு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.